ஹாரன் இல்லாத ஆறு வாரம்

காயிலக்காவுக்கு அப்பாவும் அம்மாவும் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கட்டும். மோட்டார் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைக் காயில் காயிலாகச் சுற்றிச் சுற்றியே அவள் காயிலக்கா ஆகிவிட்டாள். கோபம் வந்தால் புருஷன்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அன்று வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதே காலுக்கு, ஓட்டுநர் தேர்வு நடக்கும் மைதானத்தில், டிரைவிங் ஸ்கூல் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். வண்டி வரிசையில் ஒன்பதாவதாக நின்றது. தேர்வு அவளுக்கு மூன்றாவது தடவை. கிளம்பும்போது புருஷன் வாசல்வரை வந்து, "நல்லபடியா ஓட்டு. கும்பிட்டுக் கேக்கறேன், ஹாரனை மட்டும் தொட்டுடாத" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. முதல் தேர்வில் அவள் மைதானத்து வாசலிலிருந்து முதல் சந்திப்புவரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இரண்டாவது தேர்வில் நின்றுகொண்டிருந்த லாரிக்கு ஹாரன் அடித்தாள், தூங்கிக்கொண்டிருந்த நாய்க்கு ஹாரன் அடித்தாள், கடைசியில் ஒரு மின்கம்பத்துக்கும் அடித்தாள். மின்கம்பம் நகரவில்லை. இவள்தான் நடைபாதைமேல் ஏறினாள். பயம் வந்தால் சிலருக்கு வேர்க்கும், சிலருக்கு வாய் குழறும். காயிலக்காவுக்குக் கட்டைவிரல் ஹாரனில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இவளுக்கு இந்த வயதில் எதற்கு லைசென்ஸ் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கேட்பவர்களுக்கென்ன. நாற்பத்து நாலு வயதில் கிட்டத்தில் இருப்பதெல்லாம் அவளுக்கு மங்கத் தொடங்கியிருந்தது. தெருக்கோடியில் திரும்பும் பஸ்ஸின் நம்பரைப் படித்துவிடுவாள்; மடியில் இருக்கும் முடி போன்ற கம்பிதான் தெரியாது. கண்ணாடி போட்டும் பார்த்தாள். மத்தியானத்துக்குள் கண்ணில் தண்ணீர் கொட்டியது, தலை விண்விண் என்று தெறித்தது. "இன்னும் ஒரு வருஷம் இதே வேலையைச் செஞ்சா நான் பொறுப்பில்ல" என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் பட்டறை முதலாளி ஒரு வேன் வாங்கினார். மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கி வர முடியாத இடங்களுக்கு ஆள் போய்ச் சரிபார்த்துவிட்டு வர வேண்டும். மோட்டார் உறுமுகிற சத்தத்தை வைத்தே எந்தக் காயில் போயிற்று என்று சொல்கிறவள் அவள். அவளைவிடப் பொருத்தமான ஆள் யார்? முதலாளிக்கும் சம்மதம்தான். ஆனால் வேனை ஓட்டிக்கொண்டும் போக வேண்டும். "திங்கக்கிழமை வேன் வந்துரும். அதுக்குள்ள லைசென்ஸ் இல்லைன்னா ஒல்லியத்தான் அனுப்புவேன், மனசுல வச்சுக்காத" என்றார். பட்டறைப் பையன் ஒல்லிக்கு வண்டி நன்றாகவே ஓட்டத் தெரியும். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்பதுதான் தெரியாது. ஆக, இந்த வெள்ளிக்கிழமை தவறினால் வேலை ஒல்லிக்கு, கண்ணீர் காயிலக்காவுக்கு.

பக்கத்து இருக்கையில் பிரேக் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். காயிலக்காவைவிட ஏழெட்டு வயது சின்னவர். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதன்மேல் வைத்த வலது காலை இந்த மனிதர் எடுத்ததே கிடையாது. சிக்னலில் நிற்கும்போதும் கால் அங்கேதான். தேறியவர்கள் சந்தோஷமாகத் திரும்பி ஓட்டி வரும்போதும் அங்கேதான். கேட்டால், "தேறினவங்களும் வீடு போய்ச் சேரணும் இல்ல?" என்பார். அவர் மனைவி, வீட்டில் சோபாவில் உட்கார்ந்தாலும் அவர் கால் தரையை அமுக்கிக்கொண்டே இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

மைதானத்தின் முன்பக்கம் இன்ஸ்பெக்டர் அம்மா வந்து இறங்கினார். நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் வரிசையில் நிற்கும் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன். ஒன்று வேலை செய்யாவிட்டாலும் "அடுத்த மாசம் வாங்க" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அவரிடம் கெஞ்சிப் பார்த்தவர்கள் உண்டு. பலித்தவர்கள் இல்லை.

"மாஸ்டர், ஹாரனுக்கு ஸ்பேர் வந்துருச்சா? மாட்டிட்டீங்களா?" என்று கேட்டாள் காயிலக்கா. ஆறு வாரமாக அந்தக் காரில் ஹாரன் இல்லை. ஏதோ ஸ்பேர் வர வேண்டும், வந்துகொண்டே இருக்கிறது என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் ஒரு நிமிஷ வேலைக்கா" என்றபடி மாஸ்டர் பர்ஸை எடுத்தார். சில்லறை போடும் அறையில் விரலை விட்டு, சிவப்பாக நகம் அளவுக்கு ஒன்றை எடுத்தார்.

"அது என்ன?"

"ஃபியூஸ்."

"எதோட ஃபியூஸ்?"

மாஸ்டர் ஜன்னல் வழியாக மைதானத்தை ரசித்தார். "ஹாரனோட" என்றார்.

"ரிப்பேர்னு சொன்னீங்க."

"ரிப்பேர்தான்க்கா. ஆனா ஹாரன் இல்ல, நீங்க."

காயிலக்காவுக்குச் சுருக்கென்றது. ஆறு வாரம். மார்க்கெட் தெரு நெரிசலில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், அந்தக் குறுகலான பாலத்தில் ஊமை வண்டியை ஓட்டியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் ஸ்டியரிங் நடுவில் அமுக்கி, சத்தம் வராமல், வேறு வழியில்லாமல் காலைத் தளர்த்தி, கண்ணை அகல விரித்து. ஸ்பேர் கிடைக்காமல் மனிதர் எங்கெல்லாம் அலைகிறாரோ என்று இவள் பரிதாபப்பட்டது வேறு. அந்த ஸ்பேர் இத்தனை நாளும் அவருடைய பர்ஸில் சில்லறையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது.

"சொல்லிட்டுக் கழட்டியிருக்கலாம்ல? என்னை என்ன சின்னக் குழந்தைன்னு நெனச்சீங்களா?"

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்ததால் கோபம் இன்னும் அதிகமானது.

மாஸ்டர் குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து ஃபியூஸைச் செருகினார். "இப்ப அடிங்க. ஒரு தடவ போதும், சபை அதிர வேண்டாம்."

காயிலக்கா அமுக்கினாள். சத்தம் இல்லை. பலமாக அமுக்கினாள். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது ஹாரன்.

மாஸ்டர் சிரித்தார். ஃபியூஸைப் பிடுங்கி வாயால் ஊதி மறுபடி செருகினார். இல்லை. ஸ்டியரிங்கை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். இல்லை. இப்போது மாஸ்டர் சிரிக்கவில்லை. காரைவிட்டு இறங்கி, போனை எடுத்து அவருடைய மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் பாதித் தூக்கத்தில், "ஹாரன் செத்திருக்கும். பத்து மணிக்குக் கடை தெறந்ததும் புதுசு வாங்கி வை, பன்னெண்டு மணிக்கு வந்து மாட்டறேன்" என்றான். பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"வேற வண்டி?" என்றாள் காயிலக்கா.

"அப்ளிகேஷன்ல இந்த நம்பர்தான் எழுதிருக்குக்கா. மாத்த முடியாது." மாஸ்டரின் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடாத அந்தக் கால் மட்டும் காருக்கு வெளியே நின்றபோதும் மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தது. "நான் கெடுத்துட்டேனேக்கா. உங்க பொழப்பையே கெடுத்துட்டேன்."

முன்னால் இன்ஸ்பெக்டர் அம்மா முதல் வண்டியின் விளக்குகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பீப் என்று ஒரு சத்தம் வந்தது. அடுத்தவன் ஹாரன் அடித்தால் வயிறு எரியும் என்பதைக் காயிலக்கா அன்றுதான் அறிந்தாள். திங்கட்கிழமை ஒல்லி வேனில் ஏறுவது கண்முன் தெரிந்தது.

ஆனால் ஒரு விஷயம். சாலையில்தான் அவளுக்குப் பயம். கரண்டிடம் அவளுக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. எங்கோ கிளம்பிய கரண்ட் எங்கோ போய்ச் சேராமல் நடுவில் நிற்கிறது, அவ்வளவுதானே? பத்தொன்பது வருஷமாக அவள் பார்க்கும் வேலையே அதுதானே?

"மாஸ்டர், அழுதது போதும். டிக்கியில என்னென்ன வச்சிருக்கீங்க?"

டிக்கியில் ஸ்பானர் செட், ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பு, ஸ்பீக்கருக்குப் போட்டு மீந்த வயர் சுருள். காயிலக்காவுக்கு அது தாராளம். வயரைப் பல்லால் கடித்து உரித்து, பல்பின் இரண்டு முனையிலும் சுற்றிக் கட்டினாள். கைப்பையைத் திறந்து, உடைந்த ரம்பத் துண்டைச் சாணை பிடித்துச் செய்த தன் குட்டிக் கத்தியை எடுத்தாள். பவுடரும் சீப்பும் இல்லாமல் அவள் வெளியே கிளம்பியதுண்டு. அந்தக் கத்தி இல்லாமல் கிளம்பியதில்லை.

முதலில் ஃபியூஸ். அதன் இரண்டு பக்கமும் பல்பு எரிந்தது. "ஃபியூஸ் நல்லா இருக்கு. உள்ள போய் உக்காந்து, நான் சொல்றப்ப ஹாரனை அமுக்குங்க."

மாஸ்டர் டிரைவர் இருக்கையில் போய் மாணவன் மாதிரி உட்கார்ந்தார். காயிலக்கா பானெட்டைத் தூக்கி நிறுத்தி, ஹாரனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியின்மேல் விரல் வைத்தாள். "அமுக்குங்க." விரலுக்கடியில் டிக் என்று ஒரு துடிப்பு. "விடுங்க." மறுபடி டிக். ஸ்டியரிங்கில் இருக்கும் சுவிட்சும் நல்லாயிருக்கிறது, ரிலேயும் உயிரோடுதான் இருக்கிறது.

மூன்றாவது வண்டி, பீப். பக்கத்து வண்டிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கத் தொடங்கின. இவள் வண்டி ஓட்ட வந்தவளா, வண்டி செய்ய வந்தவளா என்று யாரோ முணுமுணுத்தார்கள். காயிலக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஹாரன், ரேடியேட்டருக்கு முன்னால், சல்லடைக்குப் பின்னால் இருந்தது. கண்ணுக்கு அது ஒரு கறுப்பு வட்டமாகத்தான் தெரிந்தது. கையை விட்டுத் தடவி, வயரைக் கண்டுபிடித்துப் பிடுங்கினாள். பல்பின் ஒரு முனையை அந்த வயரில் வைத்து, மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தாள். "அமுக்குங்க." பல்பு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் ஹாரனின் வாசல்படிவரை ஒழுங்காக வந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

"அப்ப ஹாரன்தான் செத்துப்போச்சா?" என்றார் மாஸ்டர் ஈனசுரத்தில்.

"இருங்க. பார்க்காம சாவுச் சேதி சொல்லாதீங்க."

வயரை ஹாரனில் மறுபடி செருகினாள். மீந்த வயரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவின் நட்டுக்கடியில் செருகிக்கொண்டாள். மறுமுனையை ஹாரனின் பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்த வெற்றுத் திருகாணியில் தொட்டாள். "இப்ப அமுக்குங்க."

பேஏஏஏ என்று அலறியது ஹாரன். மாஸ்டர் சந்தோஷத்தில் கையை எடுக்க மறந்து அமுக்கிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது வண்டியருகே இருந்த இன்ஸ்பெக்டர் அம்மா தலையைத் திருப்பி முறைத்தார்.

"கையை எடுங்க மாஸ்டர். இதுக்குத்தானே என் ஃபியூஸைப் பிடுங்கினீங்க?"

மாஸ்டர் கையை எடுத்தார். ஹாரன் நல்ல ஹாரன். கரண்ட் உள்ளே போகிறது, திரும்பி வெளியே போகத்தான் வழியில்லை. ஒற்றை வயர் ஹாரன் என்றால், கரண்ட் அதைத் தாங்கும் இரும்புப் பட்டை வழியாகத்தான் வண்டியின் உடம்புக்கு இறங்க வேண்டும். காயிலக்கா அந்தப் பட்டையை நகத்தால் வருடினாள். வழுவழு என்று இருந்தது. பதினைந்து வருஷத்து வண்டியில் எந்த இரும்பும் இப்படி வழுக்காது.

"இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

மாஸ்டர் முகத்தில் அசடு வழிந்தது. "நான்தான்க்கா. போன மாசம். துரு பிடிச்சு அசிங்கமா இருந்துச்சு. தேர்வுக்குப் போற வண்டி, இன்ஸ்பெக்டர் அம்மா பானெட்டத் தூக்கிப் பார்த்தா ஒரு மரியாதையா இருக்கட்டுமேன்னு கழட்டி ரெண்டு கோட் அடிச்சேன்."

"அடிச்சிட்டு ஹாரன் அடிச்சுப் பார்த்தீங்களா?"

"எப்படிப் பார்க்கறது? ஃபியூஸ் என் பர்ஸ்லல்ல இருந்துச்சு."

காயிலக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு கோபத்திலும் வந்துவிட்டது. ஒரு மனிதர் எவ்வளவு பொறுப்பாக, எவ்வளவு பார்த்துப் பார்த்து ஒரு காரியத்தைக் கெடுக்க முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

"அந்த வயரையே அப்படியே கட்டி விட்டுரலாமேக்கா, நேரமில்ல" என்றார் மாஸ்டர்.

"ஆடற வண்டியில ஒட்டுப்போட்ட வயர் எத்தன நேரம் நிக்கும்? பதிமூணாம் நம்பர் ஸ்பானரை எடுங்க."

போல்ட் இறுக்கமாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து முக்கியதும் கிறீச்சென்று இளகியது. ஏழாவது வண்டி, பீப். காயிலக்கா பட்டையைக் கையில் எடுத்தாள். கண்ணுக்கு வெள்ளியாய் ஒரு மங்கல்தான் தெரிந்தது. கண் எதற்கு? செம்புக் கம்பிமேல் வார்னிஷ் இருக்கும். அதைச் சுரண்டாமல் முடிச்சுப் போட்டால் பார்க்க அழகாயிருக்கும், கரண்ட் தாண்டாது. தினமும் நூறு தடவை சுரண்டிச் சுரண்டி, வார்னிஷ் போயிற்றா இல்லையா என்று நகமே சொல்லும் அவளுக்கு. கத்தியால் வழித்தாள், நகத்தால் தடவினாள், மறுபடி வழித்தாள். மாஸ்டர் ஆசையாய் அடித்த இரண்டு கோட்டும் சுருள் சுருளாக அவள் புடவைமேல் விழுந்தது. நகத்தில் சுரசுரப்புத் தட்டியதும் நிறுத்தினாள். பட்டை உட்காரும் இடத்தையும், போல்ட்டின் தலையடியையும் அதேபோல் வழித்துவிட்டு இறுக்கினாள்.

பானெட் மூடுவதற்கும் இன்ஸ்பெக்டர் அம்மா பக்கத்தில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. காயிலக்கா ஓடிப்போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். ஹெட்லைட் எரிந்தது. இண்டிகேட்டர் இரண்டும் கண் சிமிட்டின. பிரேக் லைட் எரிந்தது.

"ஹாரன்" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

சோதித்துப் பார்க்க நேரமே இருக்கவில்லை. காயிலக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள்.

பீப்.

உலகத்தில் எத்தனையோ பாட்டுக் கேட்டிருக்கிறாள். அந்த ஒரு பீப்புக்கு உச்சி குளிர்ந்தது போல எதற்கும் குளிர்ந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா காகிதத்தில் குறித்துக்கொண்டே, "கை என்ன இப்படிக் கரியா இருக்கு?" என்று கேட்டார்.

"ஹாரனுக்கு எர்த் கிடைக்கல மேடம். பல்பு வச்சுப் பார்த்துச் சரி பண்ணினேன்."

"நீங்களா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

சாலைத் தேர்வில் இன்ஸ்பெக்டர் அம்மா முன்னால் உட்கார, மாஸ்டர் பின்னால் உட்கார வேண்டும். பின்னால் பிரேக் கிடையாது. மைதான வாசலைத் தாண்டும்போதே அவருடைய கால் முன்னிருக்கையின் முதுகை அமுக்குவது இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குத் தெரிந்தது. "காலை எடுங்க" என்றார் திரும்பாமலே.

காயிலக்காவின் கட்டைவிரல் ஹாரனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போது ஹாரனில் உயிர் இருக்கிறது. தொட்டால் கத்தும். முதல் சந்திப்பு வந்தது. பழைய பயம் எழுந்தது, ஆனால் கட்டைவிரல் அசையவில்லை. அதற்குமுன் கால் தானாகத் தளர்ந்துவிட்டது, கண் தானாக இரண்டு பக்கமும் போய்விட்டது. ஆறு வாரம் கத்த முடியாமல் ஓட்டியதில், கத்தாமல் ஓட்ட வந்திருந்தது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மருந்துக்கடையைத் தாண்டியதும், வெகு தூரத்தில் ஒரு சைக்கிள்காரரைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர் கேன் கட்டிக்கொண்டு நடுச்சாலையில் தள்ளாடித் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தார். தூரத்தில் இருப்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். வேகத்தைக் குறைத்து அவர் பின்னாலேயே போனாள். சாலை அகலமானதும் ஒதுங்கித் தாண்டினாள்.

"ஹாரன் அடிச்சிருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"அடிச்சா திரும்பிப் பார்ப்பாரு மேடம். அந்தப் பாரத்தோட திரும்பினா சாஞ்சிடுவாரு."

மதில் மறைக்கும் வளைவு வந்தது. எதிரே யார் வருகிறார்கள் என்று யாருக்கும் தெரியாத இடம். அங்கே மட்டும் காயிலக்கா ஒரு தடவை, சின்னதாக, பீப் என்று அடித்தாள். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வேன்காரர் பதிலுக்கு பீப் என்றார். பின் இருக்கையில் மாஸ்டர் பெருமூச்சு விட்டது முன்னால் கேட்டது.

மைதானத்துக்குத் திரும்பியதும் இன்ஸ்பெக்டர் அம்மா காகிதத்தில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டார். "தேறிட்டீங்க. மத்தியானம் மூணு மணிக்கு வந்து கார்டை வாங்கிக்குங்க" என்றார். இறங்கி இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "எங்க ஆபீஸ் ஜீப்லயும் ஹாரன் ரெண்டு மாசமா அடிக்கல. மூணு மணிக்கு வர்றப்ப அந்தப் பல்பையும் எடுத்துட்டு வாங்க."

காயிலக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மெல்லிய கம்பி பார்த்து வந்த தண்ணீர் இல்லை இது. புறங்கையால் துடைத்ததில் கரி முகமெல்லாம் அப்பிக்கொண்டது.

மாஸ்டர் முன்னால் வந்து கதவருகே நின்றார். "கோவமா இருக்கீங்களாக்கா?"

"இருக்கேன்" என்றாள் காயிலக்கா. "ஃபியூஸைக் கழட்டினது நல்லதுக்குத்தான், நல்லாத்தான் வந்துச்சு. அதுக்காகக் கோவம் போயிராது. இனிமே யாருக்குக் கழட்டினாலும் சொல்லிட்டுக் கழட்டுங்க."

"சொல்லிட்டே கழட்டறேன்."

"பெயிண்ட் டப்பாவைத் தொடக் கூடாது."

"சத்தியமா தொட மாட்டேன்."

"சரி, ஏறுங்க. பட்டறைக்குப் போறோம். திங்கக்கிழமை வேன் சாவியை ஒல்லிகிட்ட குடுத்துராதீங்கன்னு முதலாளிகிட்ட நேர்லயே சொல்லணும்."

மாஸ்டர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். காயிலக்கா கண்ணாடியைச் சரிசெய்தாள், இண்டிகேட்டர் போட்டாள், திரும்பிப் பார்த்தாள். பதினோரு மணிச் சாலை நெரிசலாகத்தான் இருந்தது. இடைவெளி வரும்வரை பொறுத்திருந்து, மெதுவாகச் சாலையில் இறங்கினாள்.

பாலத்தை நெருங்கும்போதுதான் ஏதோ வித்தியாசமாக இருப்பது போலத் தோன்றியது. ஓரக்கண்ணால் பார்த்தாள். மாஸ்டர் இருக்கையின்மேல் இரண்டு காலையும் மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெளியே கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கீழே, பிரேக்குக்குப் பக்கத்தில், அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது.